வீட்டை விட்டுப் பிரியாத முதுமை

முதுமையில் தளர்ந்தவர் விடுதிக்குப் போய்த்தான் தீர வேண்டுமா? அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரின் சீனர் குடியிருப்பில் 1971-ஆம் ஆண்டு இக்கேள்வி எழுந்தது. பல் மருத்துவர் வில்லியம் கீயும் சமூகப் பணியாளர் மேரி லூயிஸ் அன்சாக்கும் முதியோர் விடுதி கட்ட எண்ணினர், செலவு கட்டுப்படியாகவில்லை. ஆகவே, பிரிட்டனின் பகல்நேர மருத்துவமனைகளைப் பின்பற்றி, 1973-இல் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தைத் திறந்தனர். அதன் பெயர் 'ஆன் லோக்'. கண்டோனியச் சீன மொழியில் 'அமைதியும் மகிழ்ச்சியும் நிறைந்த இல்லம்' என்று பொருள்.

முதியவர் காலையில் வண்டியில் வருவார். மாலையில் தம் வீடு திரும்புவார். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வண்டியோட்டி அனைவரும் ஒரே குழு. வாசற்படியில் முதியவர் தடுமாறினால் அதை முதலில் காண்பவர் வண்டியோட்டியே அல்லவா? அவர் சொல்லும் செய்தி மருத்துவரை எட்டும். மருந்தும் ஊன்றுகோலும் அதற்கேற்ப மாறும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. 1983 முதல் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் குறித்த தொகையே இந்நிலையத்திற்குக் கிடைத்தது. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மருத்துவச் செலவு நிலையத்தையே சாரும். ஆகவே, விழாமல் காப்பதே ஆதாயமாயிற்று! 1997-இல் அமெரிக்கச் சட்டம் இம்முறைக்கு நிலையான இடம் அளித்தது.

வாசகர்களே, எண்ணிப் பாருங்கள். மருத்துவரும் மருந்தும் முன்பே இருந்தன. அவற்றை ஒருங்கிணைத்ததும்தான் முதியவர் தம் வீட்டிலேயே வாழ வழி பிறந்தது.