பின்கோடும் ஐஎஃப்எஸ்சியும்

முனிர்காவுக்கு 110067. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேருகிறது.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் (சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட!). முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று தபால் நிலையம். ஊர்ப் பெயர், மாநிலப் பெயர் எதுவும் உள்ளே கிடையாது. அதனால் 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆனபோதும் 600001 அப்படியே இருந்தது. 2000-இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து மலைப்பகுதி தனி மாநிலமாகப் பிரிந்தது; டேராடூன் இன்றும் 248001தான்.

எங்கள் வங்கிக்காரர்கள் செய்த ஐஎஃப்எஸ்சியைப் பாருங்கள். மொத்தம் 11 இடம். ஐந்தாவது இடத்தில் பூஜ்யம், பின்னால் தேவைப்படலாம் என்று ஒதுக்கியது. நல்ல யோசனைதான். ஆனால் முதல் நான்கு எழுத்து வங்கியின் பெயராச்சே! வங்கி போனால் குறியீடும் போச்சு.

1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ்ஸுடன் இணைந்தது. 2022 மார்ச் முதல் பழைய குறியீடு செல்லாது. கட்டடம் அதே, தெரு அதே. ஊரில் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள்தான் புதுக் குறியீட்டைத் தேடிப் பதிய வேண்டியிருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் பாஸ்புக்கை வாங்கி, அதில் அச்சாகியிருப்பது எந்தக் குறியீடு என்று பார்த்துவிடுங்கள்.