கணவாய் காத்த சரித்திரம்

பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே அமைந்த எலப்புள்ளி, தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் ஊர். வடக்கிலும் தெற்கிலும் ஓங்கி நிற்கும் மேற்கு மலைத்தொடர் இங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கின்றது. கொங்கு நாட்டையும் சேர நாட்டுக் கடற்கரையையும் இணைத்த இயற்கை வாயில் இதுவேயாகும்.

இவ்வாயிலின் பழம்பெருமையை நமக்கு உணர்த்தியவற்றுள் முதன்மையானவை நாணயங்கள். 1842ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும், 1940களில் திருச்சூர்ப் பகுதியிலுள்ள எய்யாலிலும் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவை தற்செயலாகக் கிடைத்தவை. முறையான அகழ்வாராய்ச்சியோ பின்னர் வந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் ஈரோட்டுப் பகுதியிலுள்ள கொடுமணலை அகழ்ந்து, மணி செய்த தொழிற்கூடங்களையும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. 2001ஆம் ஆண்டில் கேரள அரசின் ஆதரவில் தோன்றிய கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், 2007 முதல் எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணத்தில் அகழ்வை நடத்தியது. பண்டைய முசிறித் துறைமுகம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகளோடு, 'அமண' என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகள் கொண்ட ஓடொன்றும் அங்கே கிடைத்தது.

வழியின் கிழக்கு முனையை ஒரு மாநிலத்தாரும், மேற்கு முனையை மற்றொரு மாநிலத்தாரும் ஆராய்ந்தனர். இடையிலுள்ள சிற்றூர்களின் மண்ணுக்குக் காவலர் யார்? கல்விக் கழகங்கள் எல்லா வயல்களிலும் ஆள் நிறுத்த இயலாது. உழவரும் கிணறு வெட்டுவோருமே முதற் காவலர். தாழியோ காசோ தென்பட்டால், அதை அசைக்காமல் அறிவிப்பதே பெருந்தொண்டு. ஒரு காசு எவ்வளவு ஆழத்தில், எதனருகே கிடந்தது என்பது தெரிந்தால் அது சரித்திரச் சான்று. தெரியாவிடில் வெறும் உலோகம்.

அறிவித்தால் பொருள் பறிபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கின்றது. அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளும்போது, பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கவும் அச்சட்டமே வகை செய்கின்றது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாம் குடியேறிய மண்ணின் பழமை நமக்கு அந்நியமானதன்று. கணவாயின் வழியே சரக்கு கொண்டு சென்ற வணிகர் இன்றைய மாநில எல்லையை அறிந்தவரல்லர். அவர்கள் விட்டுச்சென்ற அடையாளத்தைக் காப்பதில் இரு மொழியாருக்கும் சம பொறுப்பு உண்டு.