மாங்கனிக்கு அப்பால்: காரைக்கால் அம்மையார் எம்மிடம் வந்த பாதை

எமது கல்லூரி நூறாண்டு காணும் இவ்வேளையில், அது எமக்குத் தந்தவற்றை எண்ணிப் பார்த்தால் கட்டடங்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் வெற்றிக் கேடயங்களும் முதலில் நினைவுக்கு வருகின்றன. சமயபாட வேளையில் கேட்ட கதைகளை எவரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும், பின்னாளில் வாழ்க்கை இடறிய வேளைகளில் எம்மில் பலருக்குத் துணைநின்றவை அக்கதைகளே. அவற்றுள் ஒன்றான காரைக்கால் அம்மையாரின் வரலாறு, ஏட்டிலும் நூலிலும் திரையிலுமாக எம்மிடம் வந்து சேர்ந்த பாதையை இங்கு நினைவுகூருகின்றோம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் காதால் கேட்கப்பட்ட நூலாகவே இருந்தது. கோயில்களில் நடைபெறும் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார். எமது பாட்டிமாரும் பூட்டிமாரும் அதைக் கேட்டே நாயன்மார்களை அறிந்தனர். தாமே ஏட்டை எடுத்து வாசித்த பெண்கள் மிகச் சிலர்.

இந்நிலையை மாற்றியது அச்சு. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டில் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்களைத் தொடர்ந்து, 1852இல் பெரியபுராணத்தை வசனநடையில் அச்சிட்டார். செய்யுளின் பொருளை இன்னொருவர் சொல்லக் காத்திருந்த நிலை அதனால் மாறியது. எழுத்தறிந்த எவரும் வீட்டுத் திண்ணையிலிருந்தே வாசிக்கலாம் என்றாயிற்று. பெண்கல்வி பரவப் பரவ, கேட்பவர்களாயிருந்த பெண்கள் வாசிப்பவர்களானார்கள். எமது கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகள் சமயத்துக்குச் செய்த பெரும்பணி இதுவென்றே சொல்லலாம்.

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். இவர்களுள் பாடல்களை விட்டுச்சென்றவர் காரைக்கால் அம்மையார் ஒருவரே. ஆனால் அவரைப்பற்றிக் கேட்டால் எம்மில் பெரும்பாலோர் சொல்வது மாங்கனிக் கதையைத்தான். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் பசித்து வந்த அடியவருக்குப் படைத்தார். கணவன் இரண்டாவது கனியையும் கேட்டபோது இறைவனை வேண்ட, ஒரு கனி கைக்கு வந்தது. கீழ்வகுப்பில் படித்த கதை அநேகமாக இந்த அற்புதத்தோடு எமது நினைவில் நின்றுவிட்டது.

உண்மையில் கதையின் கனம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. மனைவி மானிடப் பெண்ணல்லள் என அஞ்சிய பரமதத்தன், கடல் வாணிபத்தைச் சாட்டிப் பிரிந்து, பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்துகொண்டான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை அங்கே கொண்டுசென்றபோது, மனைவியோடும் குழந்தையோடும் அவர் காலில் விழுந்தான். வணங்கிவிட்டான், வாழ இடம் கொடுக்கவில்லை. மனைவியென்றும் கைம்பெண்ணென்றும் சொல்ல இயலாத அந்த நிலையில், கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாமென உதறி, பேயுருவை வேண்டிப் பெற்றார் அம்மையார். கயிலைமலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறிய அவரை, இறைவன் அம்மையே என்றழைத்தான்.

இடையில் நிற்கும் அந்நிலை எமது மண்ணுக்குப் புதிதன்று. போரில் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியருள் எத்தனையோ பேர், பொட்டு வைப்பதா விடுவதா என்பதற்குக்கூட ஊராரின் முகம் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களின் துயரை இக்கதை தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், உறவு கைவிட்ட இடத்திலும் ஒரு பெண் தன் பாதையைத் தானே தெரிந்துகொள்ளலாம் என்பதை எமது சமயநூலே சொல்லியிருக்கிறது. மாங்கனியோடு கதையை நிறுத்தினால் இந்த ஆறுதல் எவருக்கும் கிடைக்காது.

திரை இக்கதைக்கு முகமும் குரலும் தந்தது. ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில் 1973இல் வெளியான ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளமைப் புனிதவதியாக லட்சுமியும், பேயுருப் பெற்ற அம்மையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். 1933இல் கணவர் கிட்டப்பாவை இழந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைச் சேலையோடே வாழ்ந்து, 1953இல் ‘ஔவையார்’ படத்திலும் நடித்துப் புகழ்பெற்றவர் அவர். 60 வயதைக் கடந்து அம்மையாராகப் பாடியபோது, கதையையும் அவரது வாழ்வையும் பிரித்துப் பார்க்க முடியாதிருந்தது. திரைப்படம் காட்சியால் வியப்பைத் தரும். நூலோ நிறுத்தி, மீண்டும் வாசித்து, யோசிக்க இடம் தரும். எமக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

திரைக்கு முன்பே, அம்மையாரின் முகத்தை எமது நாடு கண்டிருந்தது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்து, கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள வெண்கலங்களுள் அவருடைய உருவமும் உண்டு. எலும்பு தெரியும் மேனியும் கையில் தாளமுமாய் அமர்ந்திருக்கும் அந்த உருவத்தின் முகத்தில் துயரமில்லை. பாடுகின்ற மகிழ்ச்சியே தெரிகிறது.

அம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை பதினோராந் திருமுறையில் உள்ளன. திருஞானசம்பந்தருக்கும் முன்னரே பாடிய இவர், அப்பாடல்களில் தம்மைப் பேய் என்றே கூசாமல் குறிப்பிடுகின்றார். பிறர் அவரைப்பற்றிச் சொன்ன கதையை நாம் அறிவோம். அவரே சொன்னதை வாசித்தவர்கள் எம்மில் எத்தனை பேர்?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் எமது சகோதரிகள் பலர், தமிழ் வாசிக்க அறியாத பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பருவத்தை அடைந்துவிட்டோம். அப்பிள்ளைகளுக்கு நாவலரின் வசனமும் எட்டாது. மீண்டும் காதால் கேட்கும் காலம் வந்திருக்கிறது. பயன் சொல்லும் பொறுப்பு இம்முறை எம்முடையது. மாங்கனியில் தொடங்குவோம், பிள்ளைகள் அதை விரும்பிக் கேட்பார்கள். திருவாலங்காடு வரை அவர்களைக் கூட்டிச் செல்வோம்.