ராமானுஜனுக்கு அட்டெண்டன்ஸ் இல்லை!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் நண்பனுக்கு இந்த செமஸ்டர் 75 சதவீத வருகை இல்லை. பரீட்சை எழுத முடியாது. அவனுக்காகத் தேடிப் படித்த கதை இது.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் ராமானுஜன். கணக்கு தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்து சேர்ந்தும் வருகை நாட்கள் போதவில்லை. டெர்ம் சர்டிபிகேட் கிடைக்கவில்லை.

அந்தச் சான்றிதழ் ஏன் அவ்வளவு முக்கியம்? 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து, தேர்வு மட்டும் நடத்தியது. பாடம் எடுத்தவை கல்லூரிகள். பையன் படித்தான் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

பிறகு பச்சையப்பன் கல்லூரி. உடம்பு சரியில்லாமல் அதுவும் பாதியில் நின்றது. 1907-ல் தனித்தேர்வராக எழுதித் தோற்றார்.

1913-ல் அதே பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது (75-ஐ கவனிக்கவும்!). நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. 1914 மார்ச்சில் கப்பலேறும் முன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். முதல் அறிக்கையிலேயே இன்று 'மாஸ்டர் தேற்றம்' எனப்படுவது இருக்கிறது.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியுமா என்பார்கள் சார்கள். சரிதான். ஆனால் 1905-ல் அவரும் ஆங்கிலத்தில் பெயிலான ஒரு பையன்தானே?

அவருடைய 1914 பை சூத்திரத்தை வைத்து 1985-ல் பில் காஸ்பர் கம்ப்யூட்டரில் 1.7 கோடி இலக்கங்கள் கணக்கிட்டார் என்றேன். நண்பன், "நானும் ரிப்போர்ட் எழுதித் தரட்டுமா?" என்கிறான். முதலில் லேப் ரெக்கார்டை முடிடா என்றேன்.