மின்சார இரயிலும் தேயும் கரியும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் இரயில் இரவில் தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்பொழுது, எஞ்சினுக்கு மேலே நீலப்பொறி ஒன்று சிதறி மறைவதை நீங்கள் கண்டிருக்கலாம். காண்பதற்கு அழகியதுதான். ஆனால் அப்பொறி தோன்றும் இடத்தில் கம்பியின் செம்பு சிறிதேனும் உருகிச் சேதமடைகிறது. நிலையாய் நிற்கும் கம்பியிலிருந்து ஓடும் வண்டிக்கு மின்சாரத்தை எவ்வாறு எடுத்துக் கொடுப்பது? இக்கேள்விக்கு மனிதர் தேடிய விடையின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

புதிதாகக் கொத்திய இரண்டு அம்மிகளை முகத்தோடு முகம் வைத்தால், மேடும் மேடும் முட்டும் சில இடங்களில் மட்டுமே அவை தொடும். மழமழவென்று தோன்றும் உலோகப் பரப்புகளும் அத்தகையனவே. சுவீடன் நாட்டவரான ராக்னர் ஹோம் இதனை நுணுகி ஆராய்ந்து, மின் தொடுகைகள் பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றினார். மின்னோட்டம் முழுவதும் அச்சிறு புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருப்பதால், அங்கே வெப்பம் மிகுகிறது. உராய்வின் வெப்பமும் அதனோடு சேருகிறது. வண்டி குலுங்கித் தொடுகை ஒரு கணம் விட்டுப்போனாலோ, இடைவெளியில் மின்வில் பாய்ந்து உலோகத்தையே உருக்கிவிடும்.

1879ஆம் ஆண்டு பெர்லின் பொருட்காட்சியில் வெர்னர் சீமென்ஸ் சிறிய மின்சார வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். தண்டவாளங்களின் நடுவே பதித்த இரும்புப் பட்டையே அதற்கு மின்சாரம் அளித்தது. அக்காலத்து மின்பொறிகளில் சுழலும் பகுதியைத் தொட்டு நிற்பவை செம்புக் கம்பிகளால் ஆன தூரிகைகள். செம்பைச் செம்பே உராய்ந்தால் இரண்டும் கெடும். 1885இல் ஜார்ஜ் போர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் செம்புக்குப் பதிலாகக் கரியை வைக்கலாம் என்று காட்டி உரிமம் பெற்றார். மின்சாரத்தைக் கடத்துவதில் கரி செம்பினும் மிகத் தாழ்ந்தது; அதனைப் பரிந்துரைப்பது அன்று விந்தையாகவே தோன்றியிருக்கும். ஆயினும் கரி உருகி ஒட்டிக்கொள்வதில்லை, தானே மசகுபோல் வழுக்குகிறது, தானும் தேய்கிறது. சந்தனக்கட்டையைக் கல்லில் உரைத்தால் தேய்வது கட்டைதானே?

இக்கரிக்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில் கரித்தூரிகைகள் விரைவில் பொடிப்பொடியாய் உதிர்ந்தன. காரணம், அவ்வுயரத்தில் காற்றில் ஈரமில்லை. கரியின் வழுவழுப்புக்கு நீராவி தேவை என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று. மழை என்றால் மின்சாரத்துக்குப் பகை என்று மட்டும் எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

சென்னைக்கு வருவோம். அங்கே 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் தெருவுக்கு அடியில் பள்ளம் அமைத்து, அதனுள் மின்கடத்தியை வைத்தனர். சென்னையின் அடைமழைக்கு அது தாங்கவில்லை. கம்பி மேலே ஏறியது. பின்னர் 1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சார இரயில் வந்தது. அதன் மின்னழுத்தம் 1,500 வோல்ட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 கிலோவாட் திறன் வேண்டுமாயின், 1,500 வோல்ட்டில் 500 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டிலோ 30 ஆம்பியரே போதும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே தடையில் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 280 மடங்கு குறையும்! 1950களின் இறுதியில் நம் நாடு 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் தழுவியதற்கு வேறு காரணங்களும் உண்டு; மெல்லிய கம்பியே போதும், துணை மின்நிலையங்களும் குறைவு. சென்னைப் பாதையும் 1960களின் இறுதியில் அம்முறைக்கு மாறிற்று.

நம் பொருநையின் நீர் 1944 முதலே பாபநாசத்தில் மின்சாரம் தந்து வந்தது. எனினும் நெல்லைக்கு மின்சார எஞ்சின் வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவரை நீராவியும் டீசலும்! இன்று தாமிரபரணிக்கு மேலே தாமிரக் கம்பி செல்கிறது. அக்கம்பி நேராகச் செல்வதில்லை என்பதைப் பாருங்கள். நேர்ப்பாதையிலும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 20 சென்டிமீட்டர் விலகி விலகிச் செல்லுமாறு கட்டியிருப்பர். நேராகக் கட்டினால், பாண்டோகிராப் எனப்படும் கூரைச் சட்டத்தின் பட்டையில் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழும். முன்னாளில் அப்பட்டைகள் எஃகாலானவை. அவை கம்பியை அரித்தமையால், உலோகம் கலந்த கரிப்பட்டைகள் புழக்கத்துக்கு வந்தன.

புதிய எஞ்சின்களின் மோட்டார்களில் கரித்தூரிகையே இல்லை. மும்முனை மின்னோட்டம் அதனை வேண்டாததாக்கிவிட்டது. எஞ்சியிருக்கும் முதன்மையான உராய்வுகள் இரண்டு: கூரைமேல் ஒன்று; மின்னோட்டம் தண்டவாளத்துக்குத் திரும்பும் அச்சுமுனையில் மற்றொன்று. கூரைப்பட்டை அடித்தகடு தெரியுமளவு தேய்ந்துவிட்டால், அதன் விளிம்பு கம்பியை அறுத்துவிடும்; அறுந்தால் அவ்வழி வண்டிகள் யாவும் நிற்கும். ஆதலால் பணிமனைகளில் தொழிலாளர் கூரைமேல் ஏறிப் பட்டையின் கனத்தை அளந்து பார்க்கின்றனர். குறைந்திருந்தால் கழற்றிவிட்டுப் புதிய கரியைப் பூட்டி வண்டியை அனுப்புகின்றனர்.