வால் எண் 2106

யுத்தகாலக் கடற்படை விமானங்களோட கணக்குவழக்கைத் துருவறவங்களுக்கு முதல் வில்லன் பூஜ்யம்தாங்க. அமெரிக்கக் கடற்படை ஆர்டர் போடும்போதே விமானத்துக்கு ஒரு எண் குடுத்துடும். 7303 வரை போயிட்டு, 1940-ல் மறுபடி 00001-லிருந்து ஆரம்பிச்சாங்க. அதனால 2106-னா டக்ளஸ் கம்பெனியோட டைவ் பாம்பர். 02106-னா க்ரம்மன் வைல்ட்கேட். பூஜ்யத்தை விட்டா வேற ஒருத்தர் ஜாதகத்தைப் படிச்சிட்டிருப்போம்!

நான் துரத்தினது 2106-ஐ. 2102 முதல் 2188 வரை மொத்தம் 87 எஸ்பிடி-2, அதில் இது ஐந்தாவது. எந்தப் பிரிவுக்குப் போச்சு, எப்போ கழிச்சாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை உண்டு. ஆனா அட்டையில் ரத்தம் தெரியாது. 1942 ஜூன் 4, மிட்வே. டேனியல் ஐவர்சன் ஓட்டறார், பின்சீட்டில் துப்பாக்கியோட வாலஸ் ரீட். அன்னிக்கு ஹிர்யூ கப்பல் மேல பாய்ஞ்சுட்டு ஒத்தைச் சக்கரத்தில் வந்து இறங்கினாங்க. எண்ணினா 219 ஓட்டை!

ஒட்டுப்போட்டு, பயிற்சிக்கு அனுப்பினாங்க. 1943 ஜூன் 11, சேபிள் கப்பலில் இறங்கப் பார்த்து மிச்சிகன் ஏரிக்குள்ள போயிடுச்சு. கணக்கு குளோஸ். அடுத்த வருஷம் ஐவர்சனும் விமான விபத்தில் போயிட்டார்.

1990-களில் ஏரியிலிருந்து தூக்கினாங்க. இப்போ பென்சகோலா அருங்காட்சியகத்தில் நிக்குது, அந்த ஒட்டுகளோட.