பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பயறுக் கொடிகள்

ரப்பர்க் கன்றுகளின் இடைவரிசையில் மண்ணை மூடுவதற்கென்றே வளர்க்கப்படும் அவரைக் குடும்பத்துக் கொடிகள் மூடுபயிர் எனப்படும். தானியத்தோடு பயறு கலந்து விதைக்கும் பழைய வழக்கத்தின் தோட்டத்து வடிவம் இது. காய் மட்டும் வீட்டுக்கு வராது.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் வரலாறு, 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட கன்றுகளில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்போவைச் சுற்றிக் காடுகள் தோட்டங்களானபோது, மரத்தடியில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது துரைமார் சட்டம். அதைச் செய்து முடித்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். சோளத்தோடு துவரையும் கம்போடு தட்டைப்பயறும் விதைக்கும் மானாவாரி ஊர்களிலிருந்து வந்த பலருக்கும் இங்கே கிடைத்த வேலை, மண்ணை வழித்து மொட்டையாக்குவது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சரிவுகளில் மேல்மண் அடித்துக்கொண்டு போனது.

பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களிலேயே நிறுவிவிட்டனர். மலாயாத் தோட்டங்களுக்கு அந்த அறிவு வந்து சேரத் தாமதமானது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்த பின், பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் என்னும் மூன்று மூடுபயிர்க் கொடிகளையும் கலந்து விதைப்பது வழக்கமாக வேரூன்றியது. கலவைக்குக் காரணம் உண்டு: கலப்போகோனியம் சீக்கிரம் படர்ந்து சீக்கிரம் மடியும், சென்ட்ரோசீமா நிழலைத் தாங்கும், பியூராரியா நீண்ட நாள் நின்று லாலாங் என்னும் களைப்புல்லை அமுக்கும். பியூராரியா விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து விதைப்பது வழக்கம். கொடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் அது நைட்ரஜன் பிடிக்கவில்லை. நன்றாகப் படர்ந்த கொடி ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜன் சேர்க்கும் என்பது மலேசிய ஆய்வுகளின் கணக்கு. மரம் குடைவிரித்து நிழல் கட்டியதும் கொடிகள் மடிந்து, சேர்த்ததை மண்ணில் விடும்.

சிறுதோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. கன்று பால் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. நிழல் விழாத முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடைவரிசையில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுவது அவர்கள் வழி. தானியமும் பயறும் நிஜமாகவே சேர்ந்து நின்றது இங்கேதான்.

பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின், 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பூனைக்காலியின் உறவான மூக்குனா பிராக்டியேட்டா மூடுபயிராக வந்தது. பியூராரியாவை விரும்பி மேயும் மாடுகள் இதைச் சீண்டுவதில்லை. மாடு வளர்த்த தோட்டத்து மக்களுக்கு அது நட்டம், நிர்வாகத்துக்கு வசதி. மலேசியத் தாழ்நிலத்தில் இக்கொடி பூப்பது அரிது என்பதால் விதையை இறக்குமதி செய்கிறார்கள், அல்லது தண்டை வெட்டி நடுகிறார்கள்.